இல்லாத வயிற்றுவலி

அன்புள்ள ஐயா,

நான் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் கடலூர். சென்னையில் படித்தபோது பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் ஞானஸ்நானம் பெற்றேன். மார்மன் சபை என்றால்தான் பலருக்குப் புரியும்; ஆனால் முழுப்பெயரையே சொல்லும்படி 2018இல் எங்கள் அப்போதைய தலைவர் கேட்டுக்கொண்டார். ஒவ்வோர் உறுப்பினரும் மிஷனரி என்பது எங்கள் சபையில் பழைய வாக்கு. வீட்டுச் சூழலால் 18 மாத ஊழியத்துக்கு என்னால் போக முடியவில்லை. அந்தக் கடனை அலுவலகத்தில் இருப்பவர்களிடம் என் விசுவாசத்தைப் பகிர்ந்தாவது தீர்த்துக்கொள்ள நினைக்கிறேன். ஆனால் வாய் வரவில்லை. எங்கள் சபையில் டீ கூடாது; ஆனால் டீ வந்தால் ‘அல்சர்’ என்கிறேன். ஆராதனைக்காகச் சென்னைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘அத்தை வீட்டுக்குப் போகிறேன்’ என்கிறேன். நெருங்கிய தோழியின் புதுமனை புகுவிழாவுக்கு எங்கள் வேதநூலான மார்மன் புத்தகத்தைப் பரிசாகக் கொடுக்கலாமா? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வசனம் வைக்கலாமா? பலதார மணத்தைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது? நீங்கள் எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர் என்பதால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி, புதுச்சேரி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் திருவதிகைக்குப் போய்வந்திருந்தேன். வீரட்டானேசுவரர் கோயில் பிராகாரத்தில் ஒரு வயதான அம்மாள், விளக்கிலிருந்து வழிந்து கிடந்த எண்ணெயைப் பழைய துணியால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தில் யாரும் வழுக்கி விழாதபடி ஒரு பிடி கோலமாவைத் தூவிவிட்டு, எங்களை நிமிர்ந்தும் பாராமல் அடுத்த தூணுக்கு நகர்ந்தார். திலகவதியார் அலகிட்டு மெழுகிய இடமாயிற்றே என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் திரும்பி வந்து, கடிதத்தைத் திறந்தால் அதில் ‘அல்சர்’ என்ற சொல். கெடிலக் கரையில் பிறந்தவனுக்கு வயிற்றுவலி என்றதும் நினைவுக்கு வருவது ஒரே ஓர் ஆள்தான். அவரிடம் பிறகு வருகிறேன்.

முதலில் சில்லறைக் கேள்விகள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எதை வேண்டுமானாலும் வையுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் ஒன்றுக்கு என்னிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பலதார மணத்தைப் பற்றிக் கேட்டால், புதிதாக அத்தகைய திருமணங்கள் நடத்துவதை உங்கள் சபை 1890இல் நிறுத்துவதாக அறிவித்தது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். பெயர் விஷயத்தில் உங்கள் தலைவருக்கு மாறாக நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ கொண்டுவந்த பையன் அடுத்த மேசைக்குப் போயிருப்பான் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அல்சர் இல்லை. சென்னையில் அத்தையும் இல்லை என்றே நினைக்கிறேன். தினமும் உங்களோடு ஒரே மேசையில் சோற்று டப்பாவைத் திறக்கிற மனிதர்களிடம் இவ்விரண்டு பொய்களையும் பல காலமாகச் சொல்லிக்கொண்டு, அதே வாயால் அவர்களுக்குச் சத்தியத்தை எப்படிச் சொல்வது என்று கேட்கிறீர்கள். அந்தத் தோழி உங்கள் வயிற்றுக்காக என்றைக்காவது மோர் கொண்டுவந்து தந்திருக்கிறாளா? தந்திருப்பாள். நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான். அந்த மோரை நீங்கள் எப்படிக் குடித்தீர்கள் அம்மா?

உங்கள் அலுவலகத்திலேயே கார்த்திகை பிறந்தால் கறுப்பு வேட்டியும் தாடியுமாக, காலில் செருப்பில்லாமல் ஒருவர் வருவார். ‘சாமி’ என்றுதான் அவரை மேலாளர்கூட அழைப்பார். ஆடி மாதத்தில் ஒருவர் சிவப்புப் புடவையில் வருவார். நோன்பு மாதத்தில் இன்னொருவர் மதியம் சாப்பாட்டு நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார். இவர்களில் எவரையும் மதம் பரப்புகிறவர் என்று யாரும் நினைப்பதில்லை. விரதம் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் இருக்கும் மரியாதை அத்தகையது. அதைச் சொன்னவரிடம் மேற்கொண்டு வற்புறுத்துவது பாவம் என்று நாத்திகர்கூட விலகிக்கொள்வார். அப்படியிருக்க, ‘எங்கள் சபையில் டீ, காப்பி, மது, புகையிலை நான்கும் கிடையாது’ என்று சொல்வதில் உங்களுக்கு என்ன தயக்கம்? மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை உண்ணாமலிருந்து, அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்கென்று கொடுத்துவிடுகிறீர்களே, அதைக் கேட்டால் உங்கள் மேசைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? அது சஷ்டியும் ஏகாதசியும் இருந்த பாட்டிகளின் பேத்திகளுக்குச் சொல்லாமலே புரியும் காரியம். நீங்கள்தான் அதை ஒளித்துவைத்துவிட்டு, யாருக்கும் விளங்காத இடத்திலிருந்து, அதாவது ஒரு தடித்த புத்தகத்திலிருந்து, தொடங்கப் பார்க்கிறீர்கள்.

இப்போது அந்த வயிற்றுவலிக்காரர். பின்னாளில் அப்பர் என்று நாம் அறிந்த திருவாமூர் மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரத்துப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு பெரிய ஆளாகிவிட்டார். அந்தப் பாடலிபுத்திரம் நம் திருப்பாதிரிப்புலியூர்தான் என்பார்கள். தமக்கை திலகவதியார் திருவதிகையில் இருந்ததோ அதே கெடிலத்தின் கரையில், இன்றைக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில். அவர் ஒரு நாளாவது கிளம்பிப் போய்த் தம்பியின் பள்ளி வாசலில் நின்று வாதாடினாரா? இல்லை. அதற்காக அவருக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தம்பியை மீட்டுத் தரும்படி இறைவனிடம் அழுதிருக்கிறார். ஆசையைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். மற்ற நேரத்தில் கோயிலைப் பெருக்கினார், மெழுகினார், பூப் பறித்தார், தாம் இன்னார் என்பதை நெற்றியில் பூசிக்கொண்டு ஊரறிய இருந்தார். தம்பிக்குச் சூலை என்னும் கொடிய வயிற்றுவலி வந்து, சமையற்காரரை அனுப்பி அழைத்தபோதும், ‘அந்தப் பள்ளிக்கு நான் வரமாட்டேன்’ என்று சொல்லி அனுப்பினார். கொஞ்சம் கடுமைதான். ஆனால் இரவோடு இரவாகத் தம்பி வந்து காலில் விழுந்தபோது, இத்தனை நாள் எங்கே போனாய் என்று அவர் கேட்டதாக வரலாறு இல்லை. திருநீற்றைக் கொடுத்தார், விடியுமுன் கோயில் பெருக்கப் போகையில் கூடவே அழைத்துப் போனார். சமணர் தரப்பில் இந்தக் கதையை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. நோயாளிக்கு அவர்களும் தங்களால் இயன்றதைச் செய்துதானே பார்த்தார்கள். இருந்தாலும் அந்த அக்காளின் வாசல் நள்ளிரவில் தட்டத்தக்கதாக இருந்தது என்பதை எந்தத் தரப்பும் மறுக்க முடியாது. அவர் அங்கே இருக்கிறார், இன்னாராக இருக்கிறார் என்பது தம்பிக்குத் தெரிந்திருந்தது. உங்கள் தோழிக்கு ஒரு நாள் நள்ளிரவில் வலி வந்தால், உங்களை யாரென்று நினைத்து அவள் தேடி வருவாள்? அல்சர்காரி என்றா?

உங்கள் சபையின் வரலாறும் இதற்கு மாறானதாக எனக்குத் தோன்றவில்லை. 1830இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் தம்பி சாமுவேல், அச்சாகி வந்த புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு நியூயார்க் மாநிலத்து ஊர்களில் நடந்தார். வாங்குவார் அரிதாக இருந்தார்கள். அவர் விட்டுவந்த ஒரு பிரதி பின்னாளில் சபையின் தலைவரான பிரிகாம் யங்கின் குடும்பத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த மனிதர் ஏறக்குறைய ஈராண்டு படித்து, தயங்கி, 1832இல்தான் ஞானஸ்நானம் பெற்றார். 1853இல் ரிச்சர்ட் பாலண்டைன் என்ற உங்கள் மிஷனரி சென்னைக்கே வந்து பிரசங்கம் செய்தார். கேட்டவர் சிலர், சேர்ந்தவர் மிகச் சிலர். மறு ஆண்டே திரும்பிப் போனார். அதே ஆண்டுகளில் அதே சென்னையின் ஏழுகிணற்றில் இராமலிங்க அடிகளும் வாழ்ந்துகொண்டிருந்தார் என்று நினைத்தால் எனக்கு ஏனோ சிரிப்பு வருகிறது. ‘கடை விரித்தோம், கொள்வாரில்லை’ என்று பின்னாளில் அவர் மனம் நொந்ததாக நம் மாவட்டத்தில் சொல்லாதவர் இல்லை. ஆனால் அந்த மகான் 1867இல் வடலூரில் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே இலையில் உட்காருகிறவனிடம் எந்த மார்க்கம் என்று யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரின் பவுல் திருத்துவதாஸுக்கோ எந்த மிஷனரியும் வந்து கதவைத் தட்டவில்லை. எப்படியோ கைக்கு வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தைப் படித்துவிட்டு, அவரே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதினார்; ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்து, 1965இல் ஞானஸ்நானம் பெற்றார். உங்களுக்கு மட்டும் புதுமனை புகுவிழாவுக்குள் காரியம் முடிந்துவிட வேண்டுமா?

‘கடனைத் தீர்த்துக்கொள்ள’ என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு சொல்தான். உங்களுக்கும் உங்கள் கடவுளுக்கும் இடையிலுள்ள பற்றை, அந்தத் தோழியின் தலையில் வரவு வைக்காதீர்கள்.

இதை நான் இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது, எங்கள் வீட்டு வேப்பமரம் கிணற்றின் மேல் சாய்ந்தது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, கிணற்றிலும் வாளி இறக்க முடியாது. மூன்றாம் நாள் ஓர் இளைஞன் கைரம்பத்தோடு வந்தான். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், உங்களுடையது அல்ல. உள்ளங்கையில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கிளை கிளையாக அறுத்து, ஒன்பது நாள் வந்தான். மரத்தூள் ஒட்டிய புருவத்தோடு திண்ணையில் உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த கேழ்வரகுக் கூழை ஊதி ஊதிக் குடிப்பான். எனக்குத் தம்பி கிடையாது; அவனைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டபோது வெறும் வாய்வார்த்தையாகக் கூப்பிடவில்லை. மாசியில் ஒரு ஜெபக் கூட்டத்துக்கு அழைத்தான், போனேன். மறுபடியும் அழைத்தான், எனக்கு அது ஒத்துவராது என்று பணிவாகவே சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. திண்ணையில் அவன் மறந்து வைத்த சிறிய நோட்டுப் புத்தகத்தை, யாருடையது என்று பார்ப்பதற்காகப் பிரித்தேன். எங்கள் தெருவின் வீடுகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரே, ‘மரம், 9 நாள். கூட்டம், 1 முறை. இனி வேண்டாம்’ என்று இருந்தது.

அதை என் மனைவியிடம் காட்டிப் பொருமினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “அதனாலென்ன, அவன் வெட்டின மரம் வெட்டினதுதானே? ஒன்பது நாள் தண்ணி யாரு மொண்டு கொடுத்தா?” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை எனக்கு. பதினைந்து நாள் கழித்து அவளே அந்த நோட்டை ஒரு பையில் போட்டு, அவன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். கூடவே ஒரு படி கேழ்வரகு மாவும் வைத்தாள் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புத்தகப் பரிசைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். புதுமனை புகுவிழாவுக்குக் குத்துவிளக்கோ குக்கரோ வாங்கிப் போங்கள். புத்தகம் அவள் கேட்கும்போது. அதற்கு முன்பு அல்சரைப் பற்றிய உண்மையை அவளிடம் சொல்லுங்கள். இந்தத் திங்கட்கிழமையே, டீ வரும்போதே சொல்லுங்கள். திட்டுவாள். மோருக்கும் சேர்த்துத் திட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள்.

கடலூர் வரும்போது எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். உங்களுக்கு டீ போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் சுக்குக் காப்பி போடலாமா என்று கேட்கிறாள். அதில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும்தான். காப்பிக்கொட்டை ஒன்றுகூடக் கிடையாது. டீயையும் காப்பியையும் விலக்கும் உங்கள் ஞான வார்த்தை என்ற விதியின்படி அது சேருமா சேராதா என்பதை விவரமாக எழுதுங்கள். அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.