கொடிக்கால்காரர் பதில்கள்

கேள்வி: தை பிறந்ததும் ஷீரடி, திரியம்பகேஸ்வரர் என்று நாசிக் பக்கம் போகிறோம். ஒருநாள் திராட்சைத் தோட்டம் சுற்றிப் பார்த்து ஒயின் ருசி பார்க்க மாப்பிள்ளை முன்பதிவு செய்திருக்கிறார். நான் குடித்ததே இல்லை. வேனிலேயே உட்கார்ந்துவிடலாமா?
– வாசகி, வலங்கைமான்

பதில்: வேனில் உட்காராதீர்களம்மா, வெந்துபோவீர்கள். ராஜகிரியில் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவன் நான். ஆறு வருஷத்துக்கு முன் நாசிக்கில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தபோது கிளாஸைவிடக் கொடிதான் என்னை இழுத்தது. நாம் வெற்றிலையை அகத்தியில் ஏற்றிக் கட்டுவோம். அங்கே கழி நட்டுக் கம்பி இழுத்து, வேலி மாதிரி வரிசை வரிசையாகப் படரவிட்டிருந்தார்கள்.

நமக்குக் கொடிக்காலில் ஈரம் காயக் கூடாது. அவர்களோ பழம் முற்றுகிற சமயத்தில் சொட்டுநீரையும் குறைத்துவிடுகிறார்கள். தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் பழம் பெருத்து ருசி நீர்த்துவிடுமாம். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடந்த குடும்பம் எங்களுடையது. தண்ணீரை வைத்துக்கொண்டே பயிரைக் காயப்போடுவது எனக்கு ஜீரணமாகவே நேரம் பிடித்தது. கேட்டுவிட்டு ஒரு பழத்தை வாயில் போட்டுப் பாருங்கள். சின்னது, தோல் தடிப்பு, கொட்டை வேறு. ஆனால் கடைத் திராட்சையைவிட இனிப்பு.

உள்ளே பெரிய பெரிய எவர்சில்வர் தொட்டிகள் இருக்கும். பன்னீர் திராட்சையை உரித்தால் சதை வெளிர்பச்சைதானே? நிறமெல்லாம் தோலில். கறுப்புத் திராட்சையைத் தோலோடு புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். வெள்ளைக்குச் சாற்றை மட்டும் பிழிந்து புளிக்கவைக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும், கரியமில வாயு குமிழியிட்டு வெளியேறும். இட்லி மாவு பொங்குகிற கதைதான். வாசனையும் ஏறக்குறைய அதேதான்.

ருசி பார்க்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் ஓரிரு மடக்குதான் ஊற்றுவார்கள். கிளாஸின் காம்பைப் பிடித்து லேசாகச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளையில் குடைமிளகாய் நறுக்குகிற வாசனை வரும். ஷிராஸ் என்ற சிவப்பில் மிளகு. தினம் ரசம் வைக்கிற மூக்குக்கு இது பெரிய வித்தையா? மோந்ததோடு நிறுத்தினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். வாயில் வைத்தாலும் துப்புவதற்குப் பாத்திரம் இருக்கும். தொழில்காரர்களே துப்பத்தான் செய்வார்கள். வெற்றிலை போடுகிற ஊர்க்காரர்களுக்குத் துப்பவா சொல்லித்தர வேண்டும்! சிவப்பு ஒயினில் நாக்கு இழுக்கும். பயப்படாதீர்கள், அது நம் கொட்டைப்பாக்கின் துவர்ப்பேதான்.

நான் துப்பவில்லை. வெறும் வயிற்றில் ஐந்தையும் முழுங்கினேன். அன்று மாலைதான் திரியம்பகேஸ்வரர் தரிசனம் என்று வைத்திருந்தோம். வேனில் என் குறட்டை மட்டும் கேட்டதாம். தனியாகப் போய்வந்த வீட்டம்மா, "சாமி உங்களை விசாரிச்சார்" என்று விபூதியை நீட்டினாள். அதனால் கோயிலை முதல்நாளே முடித்துவிடுங்கள்.

கேள்வி: எந்த மாதம் போனால் நல்லது?
– வாசகர், ஆடுதுறை

பதில்: ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள். அதுதான் அறுவடை. ஏப்ரலில் கவாத்து செய்துவிடுவார்கள், வெறும் குச்சியைப் பார்த்துவிட்டு வருவீர்கள்.

கேள்வி: நம் டெல்டாவில் ஏன் இந்தத் தோட்டம் இல்லை?
– மாணவர், திருவையாறு

பதில்: திராட்சை வேருக்கு நீர் தேங்கினால் ஆகாது. நம் களிமண்ணும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் நெல்லுக்கு வரம், அதற்குச் சாபம். தமிழ்நாட்டுத் திராட்சையைப் பார்க்க வேண்டுமென்றால் தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போ தம்பி. அங்கத்திய பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே தலைக்கு மேல் பந்தல் போட்டிருப்பார்கள், கொத்துகள் நெற்றியில் இடிக்கும்.

கேள்வி: திரும்பும்போது நாலு பாட்டில் வாங்கி வரலாமா?
– வாசகர், நன்னிலம்

பதில்: நன்னிலத்துக்காரர் கேட்கிற கேள்வியா இது? காரைக்கால் எல்லையில் பையைத் துழாவுவதைப் பார்த்ததில்லையா? வெளிமாநிலச் சரக்கை அனுமதி இல்லாமல் கொண்டுவருவது வம்பு. நாசிக்கில் உலர்திராட்சை நன்றாகக் கிடைக்கும். ஒரு கிலோ வாங்கி வாருங்கள், பாயசத்துக்கு ஆகும்.