கடைக்காரர்களின் லாச்சிக்குள் கிடந்த என் பதினான்கு இலட்சம்

கேள்வி இதுதான்: "கொழும்பில் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கலாம் என்று இருக்கிறேன். நாடு இருக்கிற நிலைமையில், உழைப்பும் வெறியும் இருந்தால் மேலே வந்துவிடலாமா?"

வெறி என்ற சொல்லைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு அது உச்சத்தில் இருந்த காலம் 2021 இன் கடைசியும் 2022 இன் தொடக்கமும். விடிய மூன்று மணிக்கு எழும்புவேன், இரவு பதினொன்றுக்குப் படுப்பேன். மனைவியின் காப்பு அடகுக்குப் போனதும் அதே காலத்தில்தான்.

வெள்ளவத்தையில் தோசை மா அரைத்து விற்கிறேன். அதற்கு முன் சுற்றுலாப் பயண நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் வரத்து நின்றது, மூன்று மாதத்தில் எங்கள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு சின்ன அனெக்ஸ், பழைய கிரைண்டர் ஒன்று, அம்மாவின் கைப்பக்குவம். இவ்வளவுதான் முதல்.

2020 மார்ச் 20 ஊரடங்கு போட்டதும் தொழில் படுத்துவிடும் என்று நினைத்தேன், நடந்தது வேறு. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், மூன்று வேளையும் சமைக்க வேண்டியிருந்தது, ஒரு ஃபிளட்டில் ஒருவர் வாங்கினால் வட்ஸ்அப்பில் அந்தக் கட்டிடமே வாங்கியது. அதே வருடம் உளுந்து இறக்குமதியைத் தடுத்தார்கள். மஞ்சள், பயறு, கௌப்பி எல்லாவற்றுக்கும் அதே கதிதான். உளுந்து கிலோ ஆயிரம் ரூபாவைத் தாண்டியபோது நானும் ஒரு குறுக்கு வழி பார்த்தேன்: உளுந்தைக் குறைத்துக் கோதுமை மாவைக் கூட்டினேன். மூன்றாம் நாள் மேல்மாடி அம்மா ஒருவர் போன் எடுத்தார். "என்ன தம்பி, இது தோசை மாவோ, போஸ்டர் ஒட்டிற பசையோ?" அன்று மாலையே பழைய அளவுக்குத் திரும்பி, விலையைக் கூட்டினேன். ஏழெட்டுப் பேர் விலகினார்கள், அந்த அம்மா விலகவில்லை.

இங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் மனுசன் கேட்பானா? வளர வேண்டும் அல்லவா!

2021 இல் இரண்டாவது கிரைண்டர் வாங்கினேன், கடைகளுக்குப் போட ஆரம்பித்தேன். தெஹிவளை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று 38 கடைகள், நாளைக்கு 200 பக்கெட், ஒன்று 180 ரூபா. கடைகளில் எல்லாம் ஒரே பேச்சு: "வையுங்கோ தம்பி, வித்த உடனே காசு." பதினான்கு நாள் தவணை என்று பேசிக்கொள்வோம். உண்மையில் காசு கைக்கு வர நாற்பது நாள் ஆகும். போன கிழமைக் காசைக் கேட்கப் போனால் இந்தக் கிழமைக் காசைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது முதலாளி ஊருக்குப் போயிருப்பார்.

ஒரு நாள் இரவு கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். 200 பக்கெட், 180 ரூபா, நாளைக்கு 36,000. நாற்பது நாளைக்கு 14 இலட்சத்து 40 ஆயிரம். அத்தனையும் என் காசு, ஆனால் மற்றவர்களின் லாச்சிக்குள். கொப்பியின்படி மாதம் இரண்டு இலட்சத்துக்கு மேல் இலாபம், கையில் கிரைண்டர் பெல்ட் மாற்றக் காசில்லை. கணக்காளனாக வேலை பார்த்தவன் இதை முதல் மாதமே பிடித்திருக்க வேண்டும். தன் கொப்பி என்று வந்தால் கண் தெரியாது போல.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஜனவரியில் காப்பு அடகுக்குப் போனது. அப்புறம் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உளுந்து வாங்கும் மொத்தக் கடைக்குத் பின் திகதி போட்ட செக் கொடுக்கப் பழகினேன்.

2022 மார்ச் 7 டொலரை அவிழ்த்துவிட்டார்கள். 200 ரூபா அளவில் கட்டி வைத்திருந்தது ஏப்ரல் முடியுமுன் 340 ஐத் தாண்டியது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ஆக இருந்த பெற்றோல் ஜூன் கடைசியில் 470. இந்த மாதிரி நேரத்தில் கடன் கொடுத்து வைத்திருப்பவனுக்கு என்ன நடக்கும் என்பதை எந்த ஊக்கப் பேச்சாளரும் சொல்லித்தரவில்லை. மார்ச்சில் போட்ட பக்கெட்டுக்குரிய 180 ரூபா ஏப்ரல் நடுவில் என் கைக்கு வருகிறது, அடுத்த பக்கெட்டை அரைக்க அப்போது 210 ரூபா வேண்டும். எவ்வளவு விற்றேனோ அவ்வளவுக்கு இறங்கினேன். வேகமாக ஓடியதால் வேகமாகக் கரைந்தேன்.

மின்வெட்டு வேறு. மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்து அரிசி ஊறப்போட்டோம், நடுச்சாமத்தில் அரைத்தோம். அரைத்த மா பிரிட்ஜ் இல்லாமல் கொழும்பு வெக்கையில் என்ன செய்யும்? பொங்கும். பக்கெட்டுகள் பலூன் மாதிரி ஊதிக் கிடந்தன. ஒரு கடையில் கூலருக்குள்ளேயே வெடித்துக் கீழ்த் தட்டு யோகட் முழுவதும் மா வழிந்தது. முதலாளி பன்னிரண்டு யோகட் கப் காசைக் கழித்துக்கொண்டார். எனக்குத் தர வேண்டிய 23,400 ரூபாவைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 8 மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அடுத்த கிழமை என் செக்கும் திரும்பியது. நாட்டோடு சேர்ந்து நானும் என்று வீட்டில் பகிடி விட்டேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

புறக்கோட்டைக்குப் போனேன். நாட்டாமைமார் மூட்டை ஏற்றும் அந்த நெருக்கத்துக்குள் நின்று, என்ன சொல்லுவது என்று தெரியாமல், உளுந்துக் கடை முதலாளியிடம் "நானா, ஒரு கிழமை தாங்க" என்றேன். அவர் சத்தம் போடவில்லை. திரும்பி வந்த செக்கை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "இனி எனக்கு செக் எழுத வேணாம் தம்பி. ஒரு மூட்டை வேணும்னா ஒரு மூட்டைக்குக் காசு கொண்டு வாங்க. அரை மூட்டை வேணும்னா அரை மூட்டைக்கு." அந்தக் கண்ணாடிக்குக் கீழே இன்னும் நாலைந்து செக் இருந்தது.

அன்றிரவு மனைவி கடைப் பட்டியலை வாங்கி, பேனையால் வெட்டத் தொடங்கினாள். காசு தந்தால் பக்கெட், இல்லையென்றால் இல்லை. 38 கடையில் 11 மிஞ்சியது. எனக்கு அழுகையே வந்தது. ஒவ்வொரு கடைக்கும் எத்தனை தரம் படியேறியிருப்பேன்! மிச்சத்தைப் பழையபடி ஃபிளட்டுகளுக்குத் திருப்பினோம். புதனும் சனியும் மட்டும் விநியோகம், முதல் நாள் இரவுக்குள் ஓடர், வாசலில் காசு. ஒவ்வொரு திங்களும் அந்தக் கிழமை விலையை வட்ஸ்அப்பில் போட்டோம். விலை கூடினதற்காகச் சண்டை பிடித்தவர்கள் சிலர்தான், சனங்களுக்கும் நிலைமை தெரியும். எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்த பிறகும் ஓட்டோவுக்குக் கிடைத்தது போதவில்லை, வெள்ளவத்தைக்குள் சைக்கிளில் கொடுத்தேன். விற்பனை பாதிக்கும் கீழே போனது. காப்பு அந்த வருடக் கடைசியில் வீட்டுக்கு வந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு: உழைப்பு வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த ஊரில் அது இல்லாதவர் யார்? விடிய நாலு மணிக்குப் பேலியகொடைச் சந்தையில் போய்ப் பாருங்கள், எல்லோரிடமும் இருக்கிறது. நீங்கள் விற்கப்போகும் சாமானுக்கு யார், எத்தனையாம் நாள் காசு தருவார் என்பதை முதலில் எழுதுங்கள். நீங்கள் வாங்கும் சாமானுக்கு எத்தனையாம் நாள் காசு கட்ட வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நாட்களை உங்கள் சேமிப்பு தாங்குமா என்று பார்த்துவிட்டு வேலையை விடுங்கள். போன வருடம் ஒரு சுப்பர்மார்க்கெட் ஆட்கள் வந்து அறுபது நாள் தவணை கேட்டார்கள். பெரிய பெயர், போட்டால் பெருமைதான். பிளேன்டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

தொழில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கிராம சேவகர் கடிதத்துக்கு இரண்டு தரம் அலைய வேண்டிவரும், பெரிய செலவில்லை. பி.ஆர். என்கிற அந்தத் தொழில் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் தொழில் பெயரில் நடைமுறைக் கணக்கு திறக்க முடியாது. ஆனால் அந்தப் பதிவு உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம், தனி ஆள் தொழிலில் தொழிலின் கடன் உங்கள் கடன்தான். கம்பனியாகப் பதிந்தால் கதை வேறு, செலவும் வேறு.

வீட்டு உறுதியை வங்கியில் வைக்கிற எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அப்படி வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே வங்கி ஏலம் விட 1990 ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது, பராட்டே என்பார்கள். நெருக்கடியில் நொந்த சிறு தொழில்காரர்கள் போட்ட சத்தத்தில் 2024 இல் அதைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள், அவ்வளவுதான். என் மைத்துனர் வீட்டை வைத்துப் பெரிதாகச் செய்யச் சொன்னார். அனெக்ஸ் வாடகைக்கு என்பதால் தப்பினேன், புத்தியால் இல்லை.

இப்போது நாளைக்கு 130 பக்கெட் அளவில் நிற்கிறோம், ஒரு பிள்ளை உதவிக்கு இருக்கிறாள். மூன்றாவது கிரைண்டர் வாங்கலாமா என்று எனக்குக் கை துறுதுறுக்கிறது. மனைவி கொப்பியைக் காட்டுகிறாள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

அந்த யோகட் கடைக்காரர் 23,400 ரூபாவை இன்னும் தரவில்லை. சைக்கிளில் அந்தப் பக்கம் போகும்போது கூப்பிடுவார், "தம்பி, வாங்கோ, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கோ." நல்ல இஞ்சி போட்டிருப்பார். குடித்துவிட்டு வருகிறேன்.