கூட்டம் வைத்தால் ஆளே வரவில்லையா? பினாங்கு ப்ளாட்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஆயர் ஈத்தாம் தம்பி: அண்ணே, விளையாட்டு இடத்தைச் சரிசெய்ய மூன்று முறை டேவானில் (பொது மண்டபத்தில்) கூட்டம் வைத்தோம், அதே 8 பேர்தான் வருகிறார்கள்.

பதில்: விளையாட்டு இடம் என்று முடிவு செய்ததே அந்த 8 பேர்தானே தம்பி. லிஃப்ட் கெட்டுப்போய் ஒன்பதாம் மாடிக்குப் படியேறும் பாட்டி எதற்கு வருவார்? மாடிக்கு ஒருவரைப் பிடித்து, கதவைத் தட்டி, "இங்கே உங்களுக்கு எது கஷ்டம்?" என்று மட்டும் கேட்கச் சொல்லுங்கள். சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தன் பேச்சு அந்தத் தாளில் இருக்கிறது என்று தெரிந்தால் கூட்டத்துக்கு வருவார்கள்.

பிறை அண்ணன்: இங்கே பாதிப் பேர் பேக்டரியில் ஷிப்ட். எந்த நேரம் வைப்பது?

பதில்: இரண்டாகப் பிரித்து வையுங்கள். இரவு ஷிப்ட்காரர்களுக்கு மாலை 4.30, மற்றவர்களுக்கு இரவு 9. ஒன்பது என்றால் இஷா தொழுகை முடித்து சூராவிலிருந்து (சின்னத் தொழுகைக்கூடம்) மலாய்க்காரர்களும் வந்துவிடுவார்கள்.

ஜெலுத்தோங் அக்கா: பெண்கள் வருகிறோம், ஆனால் பேச இடமில்லை.

பதில்: அக்கா, இதற்கு நம் பினாங்கிலேயே வழி இருக்கிறது. 2012-இல் பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகம் தீவில் பி.பி.ஆர். (வசதி குறைந்தவர்களுக்கான அரசாங்க ப்ளாட்) ஜாலான் சுங்கையிலும் பெருநிலத்தில் பி.பி.ஆர். அம்பாங்கானிலும் ஒரு முயற்சி தொடங்கியது. முதலில் அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள், அப்புறம் பெண்கள், ஆண்கள், முதியோர், பிள்ளைகள் என்று தனித்தனியாக உட்காரவைத்துப் பேசவிட்டார்கள், எந்த வேலைக்கு முதலில் செலவு செய்யலாம் என்பதற்கு மக்களே வாக்களித்தார்கள். எங்கள் ப்ளாட்டிலும் இதைச் செய்து பார்த்தோம். பெண்கள் அத்தனை பேரும் படிக்கட்டு விளக்கு என்றார்கள், ஆண்கள் பேசியபோது அந்தப் பேச்சே எழவில்லை! எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்திருந்தால் அந்த விளக்கு இன்னும் எரிந்திருக்காது.

செந்தூல் கொண்டோ வாசி: கோலாலம்பூரிலிருந்து கேட்கிறேன். ஆண்டுக் கூட்டத்துக்குக் கோரம் (கூட்டம் நடத்தக் குறைந்தது இருக்கவேண்டிய ஆட்கள்) சேராவிட்டால்?

பதில்: 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி (சட்டம் 757) வாக்குரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் சேரவில்லையா, வந்திருக்கும் வாக்குரிமை உள்ளவர்களே கோரம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்கள் வாக்களிக்க முடியாது, இதை முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவிடுங்கள். சட்டத்துக்கு வந்த ஆள் போதும், ஆனால் வராதவர்களிடம் நாளைக்குப் பணம் கேட்டுப் போகப்போவதும் நீங்கள்தான்.

பாயான் பாரு தங்கை: வாட்சாப் குழு போதாதா?

பதில்: அறிவிப்புக்குப் போதும். முடிவெடுக்கப் போதாது. தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள், வயதானவர்களும் கேட்பார்கள்.

பிறை அண்ணன் (மறுபடியும்): பேசியபின் ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

பதில்: யாரும் வரமாட்டார்கள், உண்மைதான். அதனால் இரண்டு வாரத்துக்குள் சின்னதாக ஒரு வேலையைக் கோத்தோங் ரோயோங் (எல்லாரும் சேர்ந்து செய்யும் கூட்டுவேலை) போட்டாவது முடித்துவிடுங்கள். முடியாத வேலையையும், ஏன் முடியாது, யாரிடம் மனு கொடுத்திருக்கிறோம் என்பதோடு எழுதி லிஃப்ட் பக்கத்திலேயே ஒட்டுங்கள்.