நஞ்சுக் குப்பைக்கு நிதி இல்லை என்று பேரூராட்சி சொல்லலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்டப் பேரூராட்சி ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவின் செயலாளராக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் தெருக் குப்பையைப் பிரித்த தூய்மைப் பணியாளர் ஒருவரின் விரலில் இன்சுலின் ஊசி குத்திவிட்டது. ஊசி, காலாவதியான மாத்திரை, டியூப் லைட், பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி ஆகியவற்றைத் தனியாக வாங்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டதற்கு, "அதற்கெல்லாம் நிதி கிடையாது" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். இது அவர்களுடைய கடமையா? நிதி எங்கிருந்து வரும்?

பதில்: முதலில் அந்தத் தூய்மைப் பணியாளரைக் கவனியுங்கள். ஊசி குத்திய 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கியிருக்கலாம். அந்தக் கெடு கடந்துவிட்டபோதிலும், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையை அவருக்கு இப்போதே செய்துவிட வேண்டும்.

கடமையா என்றால், ஐயமின்றிக் கடமைதான். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நீங்கள் பட்டியலிட்ட பொருட்கள் அனைத்தையும் வீட்டு அபாயகரக் கழிவு என்றே வகைப்படுத்தி, 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒன்று வீதம், அதற்குக் குறைந்த பரப்பானாலும் ஒன்று, ஒப்படைப்பு மையம் அமைக்கும் பொறுப்பையும், அங்கு சேர்வதைப் பாதுகாப்பாக அகற்றும் இடத்துக்கு அனுப்பும் பொறுப்பையும் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தன. திடக்கழிவுப் பணிக்கு வேண்டிய மூலதனச் செலவுக்கும் பராமரிப்புச் செலவுக்கும் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் போதிய தொகையை ஒதுக்கிய பிறகே, கட்டாயமல்லாத பணிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்ற வரிசையும் அவற்றிலேயே இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் அவற்றின் இடத்தில் வரும் புதிய விதிகள், குப்பையை ஈரம், உலர், சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் தேவைப்படும் கழிவு என நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. உங்கள் டப்பாக்களும் பல்புகளும் மாத்திரைகளும் நான்காவதில் அடங்கும்.

ஆயினும் விதியைக் காட்டினால் மட்டும் வேலை நடந்துவிடாது. பல ஊர்களில், குப்பையைப் பிரித்துக் கையாளும் இடமான வளம் மீட்புப் பூங்காவின் மூலையில் ஒரு சிவப்புத் தொட்டி வைக்கப்படுகிறது, அது நிறைகிறது, எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கடைசியில் குப்பைக் கிடங்கிலேயே கொட்டப்படுகிறது. வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு சிறிது; அனுப்பி அழிப்பதற்கு ஆகும் செலவே பெரிது. அபாயகரக் கழிவை முறைப்படி அழிக்கும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. ஆகவே எந்தப் பொருள் எங்கே போய் முடியும் என்பதை முதலில் எழுதிக்கொண்டு, தொட்டியைப் பற்றிப் பிறகு யோசியுங்கள்.

அப்படி எழுதத் தொடங்கினால், கும்மிடிப்பூண்டி வரை போக வேண்டியது மிகச் சிறிதளவே என்பது தெரியவரும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஈய மதிப்பு இருப்பதால், புதியது வாங்கும் கடையே பழையதை விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் உற்பத்தியாளரையே பொறுப்பாக்குகின்றன. டியூப் லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் பாதரசம் உள்ளவை; அவை 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளுக்குள் வருவதால், உடையாமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம். ஊசிகளை, அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் முறை வைத்து வந்து செல்லும் மருத்துவக் கழிவு வண்டியிடம் கொடுக்கலாம். இதற்குப் பேரூராட்சி, அந்த வண்டியை அனுப்பும் பொது மருத்துவக் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்துடன் தனி ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எஞ்சுபவை பெயிண்ட், பூச்சிமருந்துப் புட்டி, காலாவதி மருந்து, பாதரச வெப்பமானி ஆகியவையே.

இந்த எச்சத்துக்காக ஒரு சிறு பேரூராட்சி தனி லாரி அமர்த்துவது வீண்செலவு. பக்கத்துப் பேரூராட்சிகளும் அருகிலுள்ள நகராட்சியும் சேர்ந்து ஒரே சேமிப்பறை, ஒரே ஒப்பந்தம், ஆண்டுக்குச் சில நடை என்று வைத்துக்கொண்டு, எடைக்கேற்பச் செலவைப் பங்கிட்டால் சுமை தாங்கக்கூடியதாகிவிடும். அந்த எடைக் கணக்கை உங்கள் குழுவே தரலாம். ஒரே ஒரு வார்டில் ஒரு மாதம் இவற்றைத் தனியே வாங்கி, எடை போட்டு, வீடுகளின் எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். செயல் அலுவலரின் மேசைக்கு அந்த ஒற்றைத் தாள் வந்துவிட்டால், மதிப்பீடு இல்லை என்று சொல்ல வழியில்லை.

பணம் வரும் வழிகள் மூன்று. சொத்துவரியோடு வசூலிக்கப்படும் திடக்கழிவு மேலாண்மைக் கட்டணம் ஒன்று. மாநில நிதிக்குழு மானியம் மற்றொன்று. மத்திய நிதிக்குழு மானியம் மூன்றாவது. 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு, பெருநகரமல்லாத ஊர்களுக்கான மானியத்தில் 30 சதவீதத்தைத் துப்புரவுக்கும் திடக்கழிவுக்கும் என்றே கட்டி வைத்திருந்தது. அந்தத் தொகை உங்கள் ஊரில் எந்தெந்த இனத்தில் செலவாயிற்று என்பதைப் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். டப்பாவுக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் வாங்கலாம் என்று யாரேனும் யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். ஐந்து ரூபாய் கேட்டாலும் அந்த டப்பா வாய்க்காலுக்குத்தான் போகும்.

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், கோரிக்கை மார்கழி முடிவதற்குள் மன்றத்துக்குப் போய்விட வேண்டும். "திடக்கழிவு" என்ற பொதுத் தலைப்பில் கரைந்துபோகாமல், வீட்டு அபாயகரக் கழிவுக்கு வரவு செலவுத் திட்டத்தில் தனி இனம் கேளுங்கள். சேகரிப்பு நாளையும் ஊர் வழக்கத்தோடு பொருத்துங்கள்: பொங்கலுக்கு முன் வீடு வெள்ளையடித்துப் பரணை ஒழிக்கும் வாரத்தில்தான் பெயிண்ட் டப்பாவும் பழைய மருந்தும் வெளியே வரும், அப்போது வாங்காவிட்டால் பாதி போகி நெருப்பில் எரிந்துவிடும். புட்டிகளுக்குச் சம்பாவில் மருந்தடிக்கும் பருவத்தில் இன்னொரு நாள் வேண்டும். மருந்து கலக்கும்போது காலியான புட்டியை உடனே மூன்று முறை அலசி, அந்த நீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றிவிடும்படி விவசாயிகளிடம் சொல்லிவையுங்கள்.

சேமிப்பறை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்தத் தாழ்வான கொட்டகையிலும் தண்ணீர் ஏறும். பூச்சிமருந்துப் புட்டிகள் மிதந்து வாய்க்காலில் இறங்கினால், சேகரிக்காமலே இருந்திருக்கலாம் என்றாகிவிடும். கடந்த வெள்ளங்களில் நீர் நின்ற மட்டத்துக்கு மேல் உயர்த்திய சிமெண்ட் தளம், கசிவைத் தாங்கும் விளிம்புக் கட்டு, கூரை, பூட்டு ஆகியவை மதிப்பீட்டிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இவையெல்லாம் நடக்கும் வரை, இன்சுலின் போடுபவர்கள் உள்ள வீடுகளில் மூடி இறுகும் கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளைப் போட்டு, முக்கால் நிறைந்ததும் நாடாவால் ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரின் கையில் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.