எந்த எம்மாவு அசல் எம்மாவு?

கேள்வி: போன வருஷம் புனிதப் பயணம் போனபோது எங்கள் கைடு அபு கோஷ் என்ற ஊரில் ஒரு பழைய கோவிலைக் காட்டி, உயிர்த்த இயேசு இரண்டு சீடரோடு அப்பம் பிட்ட எம்மாவு இதுதான் என்றார். வேறொரு குழுவில் போன என் நாத்தனாருக்குக் காட்டியதோ எருசலேமிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி ஓர் இடிபாடு. ஏமாந்தது யார்? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: ஆளுக்குப் பாதி ஏமாந்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்மாவு என்று காட்ட அங்கே நாலு இடம் இருக்கிறது. லூக்கா 24:13இல் கிரேக்க மூலம் 60 ஸ்தாதி என்கிறது, அதாவது சுமார் 11 கிலோமீட்டர். வம்பு என்னவென்றால், 4ஆம் நூற்றாண்டின் சினாய்ப் பிரதி உட்படச் சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் அதே இடத்தில் 160 என்று இருக்கிறது. அப்படியானால் 30 கிலோமீட்டர் ஆகிறது, அந்தத் தூரத்தில் இம்வாஸ் என்றொரு கிராமம் 1967 போர்வரை இருந்தது. திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸ் 4ஆம் நூற்றாண்டிலேயே எம்மாவு என்று குறித்ததும் இந்த இடத்தைத்தான். நாத்தனார் பார்த்தது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் சீடர்கள் அன்று இரவே எருசலேமுக்குத் திரும்பினார்களே, போக வர 60 கிலோமீட்டரா?

60 ஸ்தாதிக்குப் பொருந்துகிறவை உங்கள் அபு கோஷும் எல்-குபைபாவும். என்ன செய்வது, அந்த இரண்டுக்கும் எம்மாவு என்ற பட்டம் சிலுவைப்போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும்தான் வந்தது. நாலாவது மோட்சா. எருசலேமிலிருந்து 30 ஸ்தாதியில் அம்மாவூஸ் (எம்மாவு என்பதன் இன்னொரு வடிவம்) என்ற ஊரில் 800 ரோமப் படைவீரர்களைக் குடியேற்றியதாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதியிருக்கிறார், அது இதுதான் என்கிறார்கள். போக 30, வர 30, ஆக 60 என்று கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு, எனக்கு அது ரிட்டர்ன் டிக்கெட் கணக்காகத் தெரிகிறது. என்னைக் கேட்டால், பெயர் இம்வாஸ் பக்கம், கால்வலி எதிர்ப்பக்கம்.

கேள்வி: அப்படியானால் வேதாகம ஊர் எதையுமே உறுதியாகச் சொல்ல முடியாதா?

பதில்: ஏன் முடியாது? முதல் துப்பு ஊர்க்காரர் வாய். 1838இல் எட்வர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அரபி நன்றாகத் தெரிந்த ஈலை ஸ்மித் என்ற மிஷனரியோடு போய், இந்த மேட்டுக்கு என்ன பேர், அந்தப் பாழுக்கு என்ன பேர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எரேமியாவின் ஆனதோத் அனாத்தா என்றும், மிக்மாஸ் முக்மாஸ் என்றும், சீலோ சைலூன் என்றும் அப்படியே வழங்கிக்கொண்டிருந்தன. சில ஊரில் ஒலி போய் அர்த்தம் மட்டும் தங்கியிருக்கும். வடக்கே தாண், எபிரேயத்தில் நியாயந்தீர்ப்பதைச் சொல்லும் வார்த்தை. அந்த மேட்டின் அரபிப் பெயர் தெல் எல்-காதி, நீதிபதியின் மேடு!

ஆனால் பெயரை மட்டும் நம்பினால் தகராறுதான். வேதாகமத்தில் வரும் கிபியோன் என்ற ஊர் இன்றைய எல்-ஜிப் கிராமம் என்று ராபின்சன் சொன்னதைப் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. 1956இல் ஜேம்ஸ் பிரிட்சார்ட் என்ற அகழ்வாராய்ச்சியாளர் அங்கே தோண்ட ஆரம்பித்தார். பாறையைக் குடைந்த பெரிய வட்டக் கிணறு ஒன்று, சுவரை ஒட்டிச் சுற்றி இறங்கும் படிகள், கீழே தண்ணீர் அறைவரை மொத்தம் 79. அந்தக் கிணற்றை மூடியிருந்த மண்ணைத் தோண்டத் தோண்ட உடைந்த ஜாடிக் கைப்பிடிகள் வந்தன, அவற்றில் 31இல் பழைய எபிரேய எழுத்தில் கிபியோன் என்ற பெயர் கீறியிருந்தது. ஜாடி ஊர் விட்டு ஊர் போகும் பொருளாயிற்றே, வேறெங்கிருந்தோ வந்ததாக இருக்கலாமே என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு களிமண் மூடிகளும் புனலும் கிடைத்தன, பக்கத்திலேயே பாறையில் திராட்சரசம் வைக்கிற குழிகள் அறுபதுக்கும் மேல். ஊற்றி அடைத்து அனுப்புகிற இடமே இதுதான்.

கேசேர் என்ற வேதாகம ஊருக்கு இந்தச் சிக்கல்கூட இல்லை. அங்கே 1874இல் கிளெர்மோன்-கானோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கண்டது அசையாத பாறையில் வெட்டிய எழுத்து: "கேசேரின் எல்லை".

கேள்வி: வானத்து நெருப்பால் அழிந்ததாக வேதாகமம் சொல்லும் சோதோம் எங்கே?

பதில்: சவக்கடலுக்கு வடக்கே என்று ஒரு கட்சி, தென்கிழக்கே என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் எரிந்த மண்ணைக் காட்டுகிறார்கள், ஊர்ப்பெயர் எழுதிய ஓட்டுச்சில்லு ஒன்றுகூட இன்னும் காட்டவில்லை.