மெஷினில் கை அடிபட்டால் 'உன் கவனக்குறைவு' என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியுமா?

பிரஸ் மெஷினில் விரல் நசுங்கிவிட்டது, நீதான் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்கிறார் முதலாளி, இழப்பீடு கேட்கலாமா என்பது கேள்வி. தாராளமாகக் கேட்கலாம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் அடிப்படையே யார் மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுப்பதுதான். 1884-இல் ஜெர்மனியில் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டத்திலேயே இந்த வழி தொடங்கிவிட்டது. குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே காயப்படுத்திக்கொண்டது போன்றவற்றுக்குப் பல நாடுகளில் விலக்கு உண்டு, ஆனால் ஒரு நொடி கவனம் சிதறியது பொதுவாக அதில் சேராது.

அப்புறம், வேலை வேகமாக நடக்கட்டும் என்று மெஷினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றி வைத்திருந்தார்களா? (வழக்கமான கதைதான்.) மூடி இல்லாத மெஷினில் யாரையும் வேலை செய்யச் சொல்லக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1963-ஆம் ஆண்டு உடன்படிக்கையே சொல்கிறது. அதனால் அவர்கள் மூடியைத் திரும்ப மாட்டுவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள். விபத்தை எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் 'வீட்டில் விழுந்தேன்' என்று சொல்லச் சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள், வேலையில் நடந்தது என்றே பதிய வேண்டும்.

சிகிச்சைச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, நிரந்தரக் குறைபாட்டுக்கான தொகை, இவை எல்லாம் தனித்தனி. கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து வெற்றுத் தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். மனு கொடுக்கக் காலக்கெடு உண்டு, அதை மட்டும் இன்றே விசாரித்துவிடுங்கள்.