பிளாஸ்டிக் மாதிரிகளுக்கு வண்ணம் தீட்டும்முன் பிரைமர் அவசியமா?

1/72 அளவு (அசல் விமானத்தில் 72-இல் ஒரு பங்கு) விமான மாதிரியில், பிரைமர் என்னும் அடிப்பூச்சு இல்லாமலே அக்ரிலிக் வண்ணம் பூசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் பரப்பு வழுவழுப்பானது என்பதால், நீர் கலந்து பூசும் அக்ரிலிக் அதில் பிடிமானமின்றித் துளித்துளியாகத் திரண்டு நிற்கும். காய்ந்த பின்னும் நகம் பட்டால் உரிந்துவிடும். ரெசின் என்னும் வார்ப்புப் பிசினிலும் உலோகத்திலும் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பிரைமர் பரப்பைப் பற்றிக்கொண்டு, மேல்வண்ணம் ஒட்டுவதற்கு ஏற்ற தளத்தை அமைத்துத் தருகிறது. சாம்பல் நிறப் பிரைமருக்கு இன்னொரு பயனும் உண்டு: இறக்கையின் இரு பாதிகளை ஒட்டிய இடத்தில் மயிரிழைபோல் ஓடும் இடைவெளியைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும், புட்டி என்னும் நிரப்புப் பசை வைத்துத் தேய்க்க அதுவே தக்க தருணம்.

முதலில் பாகங்களைச் சோப்புநீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசையை நீக்கி உலர்த்துங்கள். ஸ்பிரே கேனை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள்.

நான் வசிக்கும் தென்காசி மாவட்டச் செங்கோட்டையில், ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வீசும் ஜூன், ஜூலை மாதங்கள்தாம் பெரும் சோதனை. அந்த ஈரக்காற்றில் அடித்த பிரைமர் வெளிறிப் பூத்துப்போனதால், ஓர் இறக்கையை முழுவதும் தேய்த்தெடுத்து மறுபடி தொடங்க நேர்ந்தது. இப்போது வெயில் எட்டிப்பார்க்கும் நாளுக்காகக் காத்திருந்தே அடிக்கிறேன்.